கடைப் பலகையும் தேடுபொறியும்

தலைநகர் தில்லியில், கரோல்பாக் பகுதியில், காப்பிப் பொடி, அப்பளம், வடகம், ஊறுகாய் முதலியவற்றை விற்கும் சிறு கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் உரிமையாளர் தமிழர். தம் கடைக்கென ஓர் இணையப் பக்கமும் வைத்திருக்கிறார். அப்பக்கத்தின் அடியில், "காலை 10 முதல் இரவு 8 வரை, திங்கள் விடுமுறை" என்று எழுதியிருக்கிறது. இதன் பொருள் நமக்கு விளங்குவதில் யாதோர் இடர்ப்பாடும் இல்லை. கரோல்பாக் கடைவீதிக்குத் திங்கட்கிழமைதோறும் வார விடுமுறை என்பதைத் தில்லிவாசிகள் அறிவர், அறியாதவரும் ஊகித்துக்கொள்வர். ஆனால் திங்கள் என்னும் சொல் தமிழில் கிழமையையும் குறிக்கும், மாதத்தையும் குறிக்கும், வானத்து மதியையும் குறிக்கும். வெள்ளியின் நிலை இன்னும் சங்கடமானது. வெள்ளிப் பாத்திரம் விற்பவர் ஒருவர் "வெள்ளி இல்லை" என்று பலகை மாட்டினால், அன்று கடை இல்லையா, சரக்கு இல்லையா என்று மனிதனே சற்று நின்று யோசிப்பான். மனிதன் சூழ்நிலையைக் கொண்டு தெளிகிறான். இயந்திரம் என் செய்யும்?

இந்தக் கேள்வி வேடிக்கைக்காகக் கேட்கப்படுவதன்று. இன்று ஒரு பொருளை வாங்க விரும்புவோர், தெருவில் இறங்கிப் பலகைகளைப் பார்ப்பதற்கு முன் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். அங்கே அவர்களுக்கு வழிகாட்டுவது தேடுபொறி. கோடானுகோடி இணையப் பக்கங்களை ஓயாமல் சென்று படித்து, அவற்றிற்கு ஒரு பெரும் பொருளடைவு தயாரித்து வைத்துக்கொண்டு, ஒருவர் கேட்டவுடன் உரிய பக்கங்களை நொடிப்பொழுதில் எடுத்து நீட்டுவது அதன் தொழில். கூகுள், மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பிங் ஆகியவை இத்தகையன. அருகில் காப்பிப் பொடி எங்கே கிடைக்கும் என்று ஒருவர் தேடும்பொழுது, அப்பொறிக்கு மூன்று செய்திகள் வேண்டும். கடை என்ன விற்கிறது? எங்கே இருக்கிறது? இப்பொழுது திறந்திருக்கிறதா? மூன்றும் நம் கடைக்காரரின் பக்கத்தில் எழுதப்பட்டேயிருக்கின்றன. எனினும் எழுதப்பட்டிருப்பது வேறு, இன்னது இன்னதென்று அறியப்படுவது வேறு.

இவ்வேறுபாட்டின் காரணம் இணையப் பக்கத்தின் பிறப்பிலேயே உள்ளது. 1989-ஆம் ஆண்டில், ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் வைய விரிவு வலையை முன்மொழிந்தார். அதற்கென அவர் வகுத்த எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி, இது தலைப்பு, இது பத்தி, இது வேறொரு பக்கத்திற்கு இணைப்பு என்று பக்கத்தின் அமைப்பைச் சொல்ல வல்லது. இது விலை, இது கடையின் பெயர், இது கடை திறக்கும் நேரம் என்று பொருளைப் பிரித்துச் சொல்வதற்கு அது ஏற்பட்டதன்று. ஆதலின், பக்கத்தில் 10 என்னும் எண்ணைக் காணும் பொறி, அது பத்து மணியா, பத்து ரூபாயா, கதவு எண்ணா என்பதை அக்கம்பக்கச் சொற்களைக் கொண்டு ஊகிக்க வேண்டியதாகிறது.

ஊகிக்கும் ஆற்றலில் இன்றைய பொறிகள் பெரிதும் முன்னேறியுள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இங்கே ஓர் ஓரவஞ்சனை உண்டு. பெயர்பெற்ற பெரிய நிறுவனத்தைப் பற்றி ஆயிரம் பக்கங்கள் பேசுகின்றன, செய்தித்தாள்கள் எழுதுகின்றன. ஓரிடத்தில் விளங்காதது மற்றோரிடத்தில் விளங்கிவிடும். நம் காப்பிப் பொடிக் கடையைப் பற்றிச் சொல்ல அதன் ஒற்றைப் பக்கம்தான் உண்டு. அந்த ஒரு சாட்சியும் தெளிவாகப் பேசவில்லையெனில், ஊகிப்பதற்கு வேறு ஆதாரமே இல்லை. எனவே, இப்பொழுது நாம் காணப்போகும் முறை யாவருக்கும் பயன்படுவதேயானாலும், அதனை இன்றியமையாது வேண்டி நிற்பவர் சிறு வணிகரே.

இத்தகைய சிக்கலை நம் நாட்டு அஞ்சல் துறை முன்னரே கண்டிருக்கிறது. ஒரே பெயருடைய ஊர்கள் நாடெங்கும் பல. உறையின் மீது முகவரி எழுதப்படும் எழுத்துவகைகளும் பல. தமிழில் முகவரியிட்ட கடிதம் ஒன்று வடக்கே செல்லும்பொழுது, அதனைப் பிரித்து அடுக்கும் ஊழியர் தமிழ் கற்றவராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. 1972-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 முதல் ஆறு இலக்கப் பின்கோடு எண் நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கம் நாட்டின் வட்டாரத்தையும், அடுத்தவை அதன் உட்பிரிவுகளையும், கடைசி மூன்றும் கடிதத்தைக் கொண்டுசேர்க்கும் அஞ்சலகத்தையும் சுட்டுவன. 110005 என்று கண்டால் கரோல்பாக் என்று கொள்ளலாம். இதில் கவனிக்கத்தக்கது, எண் வந்ததனால் முகவரி அழிந்துவிடவில்லை என்பதே. வீட்டைக் கண்டுபிடிக்க முகவரி, பையில் பிரித்துப் போட எண். இரண்டும் ஒரே உறையில் இருக்கின்றன.

இணையப் பக்கத்திற்கு இவ்வாறு சேர்க்கப்படும் பின்கோடு போன்றதே கட்டமைத்த தரவு எனப்படுவது. மனிதர் படிக்கும் வாசகம் அப்படியே இருக்கும். அதன் பின்னால், கண்ணுக்குத் தோன்றாத பகுதியில், அதே செய்திகள் பெயர் குறித்த கட்டங்களில் மீண்டும் எழுதி வைக்கப்படும்.

கட்டங்களுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்தால் பயனில்லை. ஒருவர் 'விலை' என்றும் மற்றொருவர் 'கட்டணம்' என்றும் வேறொருவர் 'தொகை' என்றும் தலைப்பிட்டால், பொறி முன்னிருந்த நிலைக்கே திரும்பிவிடும். அரசாங்கப் படிவங்களை மொழிபெயர்ப்போர் இத்தொல்லையை நன்கு அறிவர். ஒரு துறையில் 'விண்ணப்பதாரர்' என்றும் இன்னொரு துறையில் 'மனுதாரர்' என்றும் எழுதப்படுபவர் ஒரே ஆள்தான் என்பதை நிலைநாட்டவே கலைச்சொற்பட்டியல் வேண்டியிருக்கிறது. அத்தகைய பொதுச் சொற்பட்டியல் ஒன்றை, 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், வணிகத்தில் ஒன்றோடொன்று போட்டியிடும் கூகுள், மைக்ரோசாப்ட், யாகூ ஆகிய மூன்று நிறுவனங்களும் கூடி வெளியிட்டன. ரஷ்ய நாட்டின் யாண்டெக்ஸ் அவ்வாண்டிலேயே உடன் சேர்ந்தது. ஸ்கீமா.ஆர்க் என்பது அதன் பெயர். எவரும் கட்டணமின்றி எடுத்தாளலாம். இதனைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவராகிய இராமநாதன் வி. குஹா, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். சீர்காழியிற் பிறந்த நூலகவியல் மேதை எஸ். ஆர். இரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையையும் இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை. ஒரு நூலின் உள்ளடக்கத்தை இடம், காலம் முதலிய முகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிக் குறியால் காட்டியவர் அவர். கடைக்கும் நூலுக்கும் வேறுபாடு பெரிதுதான். பிரித்துப் பெயரிடும் எண்ணம் ஒன்றே.

நிற்க. நம் கடைக்காரர் இதனை எங்ஙனம் செய்வார்? எழுதும் முறைகள் சில உண்டு. அவற்றுள் இன்று பெரிதும் விரும்பப்படுவது ஜேசன்-எல்.டி. என்பது. இது 2014 ஜனவரியில் வைய விரிவு வலைக் கூட்டமைப்பினால் தரமாக ஏற்கப்பட்டது. நெளிவு அடைப்புக்குறிகளும் மேற்கோள் குறிகளும் நிறைந்து, முதற் பார்வைக்குச் சற்று மிரட்டும் தோற்றமுடையது. உள்ளே இருப்பதோ எளிய படிவம்: இடப்புறம் தலைப்பு, இடையில் முக்காற்புள்ளி, வலப்புறம் விடை. தலைப்புகள் மட்டும் ஆங்கிலத்தில் வரையறுத்தபடியே இருக்க வேண்டும். கடையின் பெயர், விவரணை முதலிய விடைகளைத் தமிழிலும் எழுதலாம்.

முதற் கட்டம் வகை. ஸ்கீமா பட்டியலில் சுமார் 800 வகைகள் உள்ளன. வணிக இடங்கள் அனைத்துக்கும் பொதுவாக 'லோக்கல் பிசினஸ்' என்பது ஒன்று. அதனுள் 'ஸ்டோர்', அதனுள் மளிகைக் கடை, நகைக் கடை, இரும்புச் சாமான் கடை எனக் கிளைகள் விரிகின்றன. உணவகத்திற்கும் அடுமனைக்கும் வண்டி பழுதுபார்க்கும் பட்டறைக்கும் தனி வகைகள் உண்டு. பொருந்துவனவற்றுள் மிகக் குறுகியதைத் தேர்ந்தெடுப்பதே முறை. 'வணிக இடம்' என்று மட்டும் சொல்லி நிறுத்துவது, ஊர் எது என்று கேட்டவருக்கு 'இந்தியா' என்று விடை கூறுவதை ஒக்கும்.

அடுத்தது முகவரி. இங்கேதான் நம் நாட்டு வழக்கம் இயந்திரத்தைத் திணற அடிக்கிறது. 'பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறம், பழைய பள்ளிக்கூடத்திற்கு எதிரே' என்பது நமக்கு உத்தமமான முகவரி. நடந்து செல்பவருக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை. அதனைப் பக்கத்தில் எழுதுவதில் தவறில்லை. ஆனால் கட்டங்களில் தெரு, பகுதி, மாநிலம், பின்கோடு, நாடு எனத் தனித்தனியே பிரித்துத் தர வேண்டும். இவற்றோடு அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றையும் சேர்க்கலாம். தசமப் புள்ளிக்குப் பின் குறைந்தது ஐந்து இலக்கங்கள் வேண்டுமென்று கூகுள் கூறுகிறது. இவ்வளவு நுட்பம் எதற்கு என்று தோன்றலாம். அட்சரேகையில் ஐந்தாம் இலக்கம் நிலத்தில் ஏறத்தாழ 1 மீட்டர்; மூன்றாம் இலக்கத்தோடு நின்றுவிட்டால் பிழை 100 மீட்டர் அளவுக்குப் போகலாம். கரோல்பாக் போன்ற நெரிசலான கடைவீதியில் 100 மீட்டர் என்பது அடுத்த தெருவாகும். வாடிக்கையாளர் வேறொருவர் கடை வாசலில் போய் நிற்பார்.

இனி நேரம். நம்மைத் தொடக்கத்தில் மயங்க வைத்த 'திங்கள்' இங்கே தீர்வு பெறுகிறது. கிழமைகளுக்கு வரையறுத்த ஏழு பெயர்கள் உள்ளன. அவற்றிற்கு வேறு பொருள் கொள்ள இடமில்லை. நேரம் இருபத்துநான்கு மணிக் கணக்கில் எழுதப்படும்: திறப்பது 10:00, மூடுவது 20:00. முழுநாள் விடுமுறையைக் காட்ட, திறக்கும் நேரம், மூடும் நேரம் இரண்டையும் 00:00 என இட வேண்டும் என்பது கூகுளின் ஏற்பாடு. நண்பகலில் கடையை அடைத்து மாலையில் திறப்பவர், ஒரே நாளுக்கு இரண்டு பதிவுகள் எழுதிக்கொள்ளலாம்.

விலையைக் குறிக்கும்பொழுது நம் நாட்டார் தனியே நினைவில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒரு இலட்சத்து இருபதாயிரத்தை நாம் 1,20,000 என்று எழுதுகிறோம். மேல்நாட்டார் காற்புள்ளியை வேறிடத்தில் இடுகின்றனர். ஆகவே கட்டத்திற்குள் காற்புள்ளியே இல்லாமல் 120000 என்றெழுதி, நாணயத்தின் பெயரை ஐ.என்.ஆர். என்று வேறு கட்டத்தில் தர வேண்டும். மனிதர் காணும் பக்கத்தில் நம் வழக்கப்படியே காற்புள்ளி இட்டுக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை.

இவை எல்லாவற்றினும், தமிழ்ப் பெயர் கொண்ட கடைகளுக்குப் பெருந்தொல்லை தருவது பெயர்தான். கடையின் பெயர் 'யாழ்' என்று கொள்வோம். ழகரத்தை ஆங்கிலத்தில் சிலர் இசட், எச் சேர்த்து எழுதுவர். சிலர் எல் என்ற ஓரெழுத்தோடு அமைவர். முதல் நெடிலுக்கு ஒருவர் ஒரு 'ஏ', மற்றொருவர் இரண்டு. தில்லியில் தேடுபவர் தேவநாகரி எழுத்திலும் தேடக்கூடும். மனிதர் இவை யாவும் ஒன்றென்று அறிவர். இயந்திரம் இவற்றை மூன்று கடைகளாகக் கொண்டாலும் வியப்பதற்கில்லை. இதற்கென்றே 'மாற்றுப் பெயர்' என்னும் பொருளில் ஒரு கட்டம் உள்ளது. பலகையில் உள்ள பெயரைத் தலைப்பெயராக வைத்து, உண்மையில் வழங்கும் ஏனைய வடிவங்களை அங்கே தரலாம். 'இதுவும் அதுவே' என்னும் பொருளுடைய மற்றொரு கட்டத்தில், அக்கடைக்கே உரிய பிற பக்கங்களின் முகவரிகளைக் காட்டலாம். இவ்விரு கட்டங்களையும் பலர் வெற்றாக விட்டுவிடுகின்றனர். தமிழ்ப் பெயருடையோர் அவ்வாறு விடலாகாது என்பது என் கருத்து.

இதற்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்கலாம். சொற்பட்டியல் இலவசம், எழுதும் முறை இலவசம். வேர்ட்பிரஸ் போன்ற பக்கம் அமைக்கும் மென்பொருள்களில், படிவத்தை நிரப்பினால் குறிப்புகளைத் தாமே எழுதித்தரும் துணைநிரல்களும் உள்ளன. பக்கத்தைப் பிறர் அமைத்துத் தந்திருந்தால், அவரிடம் கட்டமைத்த தரவு சேர்க்கப்பட்டிருக்கிறதா, அதில் என் கடையின் நேரம் சரியாக இருக்கிறதா என்று இரண்டே கேள்விகள் கேட்டால் போதும்.

செலவைவிடக் கவனிக்க வேண்டியது ஏமாற்றம். தேடலில் முதலிடம் பெற்றுத் தருகிறோம் என்று சிறு வணிகர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காட்டும் மந்திரங்களுள் கட்டமைத்த தரவும் ஒன்று. இதனைச் சேர்த்தால் சிறப்பான தோற்றம் கிடைத்தே தீரும் என்று கூகுள் எங்கும் உறுதி கூறவில்லை. உறுதியில்லை என்றே தன் விளக்கங்களில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. இத்தரவு பொறிக்குத் தெளிவைத் தரும். தகுதி வாய்ந்த பக்கங்கள் விலை, நேரம் முதலிய விவரங்களோடு சற்று விரிவாகக் காட்டப்பட வழி செய்யும். தொலைவில் உள்ளவருக்கு அருகில் இருப்பதாகவோ, நல்ல பொடி இல்லாத கடையில் நல்ல பொடி இருப்பதாகவோ ஆக்கிவிடாது. முதலிடத்திற்கு உத்தரவாதம் தருபவர் தமக்கு உரிமையில்லாத சரக்கை விற்கிறார்.

கட்டங்கள் கண்ணுக்குத் தெரியாதவை என்பதால், அவற்றுள் எதையும் எழுதலாம் என்னும் ஆசை சிலருக்கு எழுந்தது. பக்கத்தில் இல்லாத தள்ளுபடி விலையை எழுதினர். தம் கடைக்குத் தாமே ஐந்து நட்சத்திரம் இட்டுக்கொண்டனர். பக்கத்தில் காண்போருக்குத் தெரியாத செய்தியைத் தரவில் எழுதக்கூடாது என்பது விதி. மீறினால், அப்பக்கத்திற்குச் சிறப்புத் தோற்றம் பெறும் தகுதியையே கூகுள் பறித்துவிடலாம். 2019 செப்டம்பர் முதல், ஒரு கடை தன் பக்கத்தில் தன்னைப் பற்றியே வெளியிடும் மதிப்பீடுகளுக்கு நட்சத்திரம் காட்டுவதையும் அந்நிறுவனம் நிறுத்திவிட்டது. ஒரு சிலரின் பேராசையால், உண்மையாகவே வாடிக்கையாளர் எழுதித் தந்த பாராட்டுரைகளும் நட்சத்திரம் இழந்தன. இதுபற்றிச் சிறு வணிகர் வருந்துவதில் நியாயம் உண்டு.

சிறப்புத் தோற்றங்களையே நம்பியிருப்பதும் தகாது. கேள்வி-பதில் வடிவில் குறிப்பு எழுதினால் அது தேடல் முடிவிலேயே விரிந்து தெரியும் என்பதற்காக, ஒரு காலத்தில் அனைவரும் தம் பக்கங்களில் கேள்வி-பதில் எழுதிக் குவித்தனர். 2023 ஆகஸ்டில் கூகுள் அச்சலுகையை நம்பத்தக்க அரசு, மருத்துவத் தளங்கள் போன்ற சிலவற்றிற்கே எனச் சுருக்கிவிட்டது. செய்முறை விளக்கங்களுக்கு இருந்த தோற்றத்தையும் அவ்வாண்டிலேயே கைவிட்டது. காட்டும் முறை கம்பெனிகளின் விருப்பத்தைப் பொறுத்தது. கடையின் பெயர், இடம், நேரம், தொலைபேசி எண் ஆகிய அடிப்படைச் செய்திகள் அத்தகைய அலங்காரங்கள் அல்ல. கடை இருக்கும் காலமெல்லாம் யாரேனும் ஒருவர் அவற்றைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பர். செயற்கை நுண்ணறிவு கொண்டு தேடுபொறிகளே விடை எழுதித் தரும் புதிய முறைக்கெனத் தனியாக ஏதும் எழுத வேண்டுமோ என்னும் ஐயம் பலருக்கு உண்டு. அதற்கெனத் தனித் தரவு தேவையில்லை என்று 2025-இல் கூகுள் விளக்கியது.

தொலைபேசி எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நிறுவனங்களின் பெயரில் போலி எண்களை இணையத்தில் பரப்பி, அழைப்பவரிடம் பணம் பறிக்கும் கூட்டங்கள் நம் நாட்டில் உள்ளன. கட்டமைத்த தரவு இதற்குக் காப்பாகிவிடாது. ஆனால் கடைக்காரர் தம் உண்மையான எண்ணை, நாட்டுக் குறியீடான 91-உடன், தம் பக்கத்திலும் தரவிலும் ஒரே வடிவில் எழுதி வைத்தால், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மூலமாவது இருக்கும். எதுவுமே எழுதாதவரின் இடத்தைப் பிறர் எழுதியது நிரப்பிக்கொள்ளும்.

இணையப் பக்கமே இல்லாதவர் என் செய்வது? அவர்களுக்குக் கூகுளின் வணிக விவரப் பதிவு உண்டு. முன்பு 'கூகுள் மை பிசினஸ்' என்ற பெயரில் இருந்து, 2021-இல் பெயர் மாறியது. அதுவும் இலவசமே. கடைக்குத் தாமே உரிமையாளர் என்று மெய்ப்பித்துவிட்டு, அதே செய்திகளைப் படிவத்தில் நிரப்ப வேண்டும். நிலப்படத்தில் கடை தோன்றுவதற்கு முதன்மையான வழி இதுவே. ஆகையால் பக்கம் வைத்திருப்பவரும் இதனைச் செய்துகொள்ளுதல் நலம். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே எண் இருத்தல் வேண்டும். ஒன்றில் எட்டு மணி, மற்றொன்றில் ஒன்பது மணி என்றால், பொறி எதனை நம்பும் என்று எவராலும் கூற இயலாது.

எழுதி முடித்ததைச் சோதிப்பதற்கும் வசதி இருக்கிறது. கூகுளின் சோதனைப் பக்கத்திலோ, ஸ்கீமா.ஆர்க் தளத்தின் சரிபார்ப்புப் பக்கத்திலோ நம் பக்கத்தின் முகவரியை இட்டால், எந்தக் கட்டத்தில் காற்புள்ளி விடுபட்டது, எது வெற்றாக உள்ளது என்று வரிசையாகக் காட்டும். குறிமுறைப் பிழைகளை அது கண்டுபிடிக்கும். பத்து மணிக்குத் திறக்கும் கடையை ஒன்பது மணிக்குத் திறப்பதாக எழுதியிருந்தால், அதைக் கண்டுபிடிக்கக் கடைக்காரரால் மட்டுமே முடியும்.

தீபாவளிக்கு முந்திய வாரத்தில் கடை இரவு பத்து மணி வரை திறந்திருக்கலாம். வார விடுமுறையையும் விட்டுவிடலாம். அதற்காக வழக்கமான நேரத்தை அழித்து எழுத வேண்டியதில்லை. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று இரு தேதிகளுக்கு உட்பட்ட தனிப் பதிவாக அதனைச் சேர்க்கலாம். தேதி கடந்ததும் வழக்கமான நேரம் தானே நடைமுறைக்கு வந்துவிடும். பக்கத்தின் அடியில் மனிதர் படிக்க எழுதிய வரியை மட்டும் கடைக்காரர் தம் கையால் திருத்திக்கொள்ள வேண்டும்.